ஐந்தாம் மாடிக்குப் போன கேபிள்

எங்கள் வீட்டுச் சமையலறையில், உப்பு ஜாடிக்கும் புளி டப்பாவுக்கும் நடுவில், பதினெட்டு நாள் ஒரு கண்ணாடி பாட்டில் இருந்தது. அதற்குள் விளக்கெண்ணெய். எண்ணெய்க்குள் விரல் நீளத்தில் மூன்று கேபிள் துண்டுகள். தினமும் காலையில் பல் துலக்குவதற்கு முன்பே அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். என் மாமியார் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள், "ஏம்மா, இதென்ன, வயர்ல ஊறுகா போட்றியா?" என்றார். வெடுக்கென்று ஏதோ சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் அந்த பாட்டிலைத் தொடவே இல்லை. அலமாரியைத் துடைக்கும்போதும் அதைச் சுற்றியே துடைத்துவிட்டுப் போனார்.

எனக்கு மூக்கின்மேல் கோபம். பெருமைக்குச் சொல்லவில்லை. மற்றவர்களுக்குப் பயம் வந்தால் வியர்க்கும், கை நடுங்கும். எனக்குப் பயம் வந்தால் அது கத்தலாகத்தான் வெளியே வரும். அந்தப் பதினெட்டு நாளும் வீட்டில் எல்லோரிடமும் கத்திக்கொண்டிருந்தேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரைக்கூட விடவில்லை.

என் வேலையைச் சொன்னால்தான் இது புரியும். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படித்துவிட்டு, பதினோரு வருடமாக ஒரு சின்ன கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். பெரிய கட்டடங்களுக்குக் கண்ட்ரோல் கேபிள் போடுகிறோம். அதியமான்கோட்டையில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும், "அந்தப் பொண்ணு வயரிங் வேலைக்குப் போவுது" என்பார்கள். அது பாதிதான் சரி. லைட்டுக்கும் மோட்டாருக்கும் கரண்ட் கொண்டுபோகும் தடித்த கேபிளை வேறு ஆட்கள் போடுவார்கள். எங்களுடையது சுண்டுவிரல் தடிமன்கூட இருக்காது. அது கரண்டைக் கொண்டுபோவதில்லை, சேதியைக் கொண்டுபோகிறது. மேலே தண்ணீர்த் தொட்டி நிறைந்துவிட்டது, மோட்டாரை நிறுத்து. இங்கே புகை வருகிறது, அந்த ஃபேனைப் போடு. அவ்வளவுதான். யார் கண்ணிலும் படாத வேலை. ஒழுங்காக இருக்கும்வரை யாரும் நினைத்துப் பார்க்கவும் மாட்டார்கள்.

அந்தக் கேபிளிலும் சாதாரணமானது உண்டு, புகை குறைந்தது உண்டு. கேபிள் சுற்றிய மர டிரம் புதுசாக வந்து இறங்கினால், ஒரு துண்டு வெட்டி சிமெண்ட் ஷெட்டுக்குப் பின்னால் போய்த் தீக்குச்சியில் கொளுத்திப் பார்ப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். பேப்பரில் என்ன எழுதியிருந்தாலும் நெருப்பில் காட்டாமல் நம்ப மாட்டார்கள். சாதாரண வயர் கருப்புக் கருப்பாகப் புகையும், தொண்டையைப் பிடிக்கும், கண் எரிந்து தண்ணீர் கொட்டும். புகை குறைந்த வகை எரிந்தால் ஊதுபத்தி அளவுக்கு வெளுத்த புகை ஒன்று வரும், அவ்வளவுதான். தீப்பிடித்த கட்டடத்தில் நெருப்பு தொடுவதற்கு முன்பே புகையில் மூச்சுத் திணறிப் போகிறவர்கள்தான் அதிகம் என்பார்கள். அதனால்தான் நிறையப் பேர் தூங்கும் இடத்தில் இந்த வகைதான் போட வேண்டும் என்று கேட்கிறார்கள்.

மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் கட்டிய பெண்கள் விடுதி அப்படி ஒரு இடம். ஓசூர் பக்கம் போன் பாகங்கள் செய்யும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிற பெண்கள் தங்குவதற்காக ஆறு மாடி எழுப்பியிருந்தார்கள். சுற்றிலும் தக்காளித் தோட்டம், நடுவில் இது மட்டும் நெட்டுக்குத்தலாக நின்றது. அதன் மொட்டை மாடியில் ஒரு பெரிய ஃபேன் உண்டு. எங்காவது தீப்பிடித்தால், கீழே இருக்கும் தீ எச்சரிக்கைப் பேனல் அதற்குச் சேதி அனுப்ப வேண்டும். அது ஓடி மாடிப்படிக்குள் நல்ல காற்றை அழுத்தித் தள்ளும். அந்த அழுத்தத்தில் புகை படிக்கட்டுக்குள் நுழையாது, பெண்கள் இறங்கி ஓடிவிடலாம். லிஃப்ட் நின்றுவிடும், ஆகவே படி ஒன்றுதான் வழி. பேனலிலிருந்து அந்த ஃபேனுக்குப் போகும் ஒற்றைக் கேபிளைப் போட்டது நான்.

பங்குனி வெயிலில் அந்தக் கேபிளை இழுத்தோம். நாலாவது மாடிச் சுவரில் கேபிள் இழுப்பதற்காக வைத்த பெட்டிவரை வழுக்கிக்கொண்டு போனது. அங்கிருந்து ஐந்தாம் மாடிக்குப் போகிற இடத்தில், ஒரு பீமைச் சுற்றிக்கொண்டு போவதற்காகச் சுவருக்குள் பைப்பை அடுத்தடுத்து இரண்டு இடத்தில் வளைத்திருந்தார்கள். கேபிள் அங்கே போய் நின்றுவிட்டது. கம்பியைக் கட்டி இழுத்தாலும் அசையவில்லை. கீழே பேனல் கம்பெனி இஞ்சினியர் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். மறுநாள் கட்டடத்தைப் பார்வையிட ஆட்கள் வருகிறார்கள் என்று காலையிலிருந்து மூன்று போன் வந்துவிட்டது.

எங்கள் இழுப்பு ஆட்களுக்குத் தலைவர் பாப்பாரப்பட்டிக்காரர். என் வயதுதான் இருக்கும். சைட்டில் எல்லோரையும் போல நானும் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை மேடம் என்பார். அதிகம் பேச மாட்டார். அன்றைக்கு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "மேடம், இந்தக் கேபிளுக்கு வந்து..." என்று ஏதோ ஆரம்பித்தார்.

"இந்தக் கேபிளுக்கு என்ன வெத்தல பாக்கு வெச்சு அழைக்கணுமா? எண்ணெய் தடவி இழுங்கண்ணா!"

சாதாரண வயரை இழுக்கும்போது சிக்கினால் சோப்போ தேங்காய் எண்ணெயோ தடவுவதுதான் நாங்கள் பார்த்து வளர்ந்த வழக்கம். என் பையில் ஒரு பாட்டில் விளக்கெண்ணெய் இருந்தது. மாமியாருக்கு மூட்டு வலி. செக்கெண்ணெய்தான் வேண்டும் என்பார், அதனால் காலையில் பாலக்கோட்டில் பஸ் மாறும்போது வாங்கி வைத்திருந்தேன். அதை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"இல்லீங்க மேடம், நான் என்ன சொல்றன்னா..."

"ஒண்ணும் சொல்ல வேணாம். வாயை மூடிட்டு இழுங்க. நான் திரும்பி வர்றதுக்குள்ள கேபிள் மேல இருக்கணும்."

மூன்று மணிக்கு நான் மேலே ஏறி வந்தபோது கேபிள் மொட்டை மாடியில் நீட்டிக்கொண்டிருந்தது. "வந்துருச்சுங்க" என்றார். கொடுத்த பாட்டிலை நான் கேட்கவில்லை. எண்ணெய் என்ன ஆகியிருக்கும் என்று கேட்பானேன்? கேபிளில் கசிவு இருக்கிறதா என்று மெகர் மீட்டரை வைத்துப் பார்த்தோம், பாஸ். பேனலில் பட்டனை அழுத்தினோம், ஃபேன் ஓடியது. படிக்கட்டில் இருந்த சிமெண்ட் தூசியெல்லாம் பறந்து முகத்தில் அடித்தது. மறுநாள் ஒப்படைப்புப் படிவத்தில் வரிசையாக டிக் போட்டுக் கையெழுத்திட்டேன். அதில் ஒரு வரி, கேபிளில் இடையில் இணைப்பு எதுவும் இல்லை என்பது. அதற்கும் போட்டேன். மாமியாரிடம் கடையில் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, வேறொரு ஊரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு அதே வகைக் கேபிள் வந்தது. டிரம்மின் மரப்பலகையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு பேப்பரை ஆணியடித்து வைத்திருந்தார்கள். எல்லா டிரம்மிலும் இருப்பதுதான், யாரும் படிப்பதில்லை. சாப்பாட்டு நேரத்தில் கேரியரை அதன்மேல் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது. இழுக்கும்போது நாங்கள் சொல்லும் வழுக்குப் பசையைத் தவிர வேறு எண்ணெய், கிரீஸ் எதையும் தடவாதீர்கள், மேலுறை ஊறி, நாளாக நாளாக வெடித்துப்போகும் என்று போட்டிருந்தது.

தயிர் சாதத்தை அப்படியே மூடி வைத்துவிட்டேன். அந்த வெயிலில் சூடேறும் சுவருக்குள், இரண்டு வளைவிலும் முறுகி உட்கார்ந்திருக்கும் கேபிள். அதன்மேல் நான் கொடுத்த எண்ணெய். எப்போது வெடிக்கும்? வெடித்தால் சேதி போகுமா போகாதா? யாரிடம் கேட்பது? கேட்டால், நீ ஏன் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்பார்களே.

அன்றைக்கே பாலக்கோட்டில் அதே கடையில், அதே செக்கெண்ணெய் பாட்டில் ஒன்று வாங்கினேன். அதைத்தான் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, அந்த டிரம்மிலிருந்து வெட்டி வந்த மூன்று துண்டுகளைப் போட்டு வைத்தேன். நாலாவது துண்டு ஒன்றை எண்ணெய் படாமல் பக்கத்தில் வைத்தேன், ஒப்பிட்டுப் பார்க்க. மாமியாருக்கு அது தன் மூட்டுக்கு வர வேண்டிய எண்ணெய் என்று தெரிந்திருக்கும்.

என் கணவரிடம் மட்டும் சொன்னேன். அவர் நெடுஞ்சாலைக் கடை ஒன்றில் டயர் வேலை பார்க்கிறார். முழுவதும் கேட்டுவிட்டு, "டெஸ்ட் பாஸ் ஆயிருச்சில்ல? அப்பறம் என்ன, விடு" என்றார். அவர் வேலையில் டயரில் காற்று நின்றால் பாஸ்தான். ஆனால் அவருக்கும் முகம் சரியாக இல்லை. அதற்குக் காரணம் இருந்தது. அவருடைய கடைசித் தங்கைக்கு, என் நாத்தனாருக்கு, அதே தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. அதே விடுதியில் அறை.

கல்யாணம் ஆகி நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவளுக்குப் பத்து வயது. நான்தான் தலை பின்னிவிடுவேன், நான்தான் கணக்குச் சொல்லிக்கொடுப்பேன், பெருக்கல் தப்பானால் நான்தான் கத்துவேன். பட்டப்படிப்பு முடித்துவிட்டு ஒரு வருடம் வீட்டில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தவள், வேலை ஆர்டர் வந்த அன்றைக்குத் தெருவெல்லாம் கேட்கும்படி சிரித்தாள். அவளிடம் போய் அந்த விடுதிக்குப் போகாதே என்று எப்படிச் சொல்வது? என்ன காரணம் சொல்வது? பாட்டிலைத் தொடங்கிய ஆறாம் நாள் பெட்டி படுக்கையோடு போய்ச் சேர்ந்தாள். ரூம் எந்த மாடி என்று கேட்டேன். "அஞ்சாவது மாடி அண்ணி. செம காத்து!"

ஐந்தாம் மாடி. நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்தான் அந்த வளைவு.

அதன்பிறகு நான் செய்ததையெல்லாம் நினைத்தால் எனக்கே வெட்கம். தினமும் அவளை போனில் பிடித்து, படிக்கட்டுக் கதவு உன் ரூமிலிருந்து எத்தனை அடி, இருட்டில் தடவிக்கொண்டே போகத் தெரியுமா, ராத்திரி செருப்பை எங்கே விடுகிறாய் என்று கேட்பேன். "என்ன அண்ணி, வார்டன்கூட இவ்ளோ கேக்க மாட்டாங்க" என்பாள். நான் சிரிக்க முயன்றால் அதுவும் திட்டுகிற மாதிரிதான் வரும். பஸ்ஸில் போகும்போது எங்காவது தோட்டத்தில் சருகு கொளுத்திய புகை தெரிந்தால்கூட எழுந்து நின்று பார்ப்பேன். காலையில் பாட்டிலை எடுப்பேன். துண்டைத் துடைத்துப் பென்சிலைச் சுற்றி வளைத்துப் பார்ப்பேன். ஒன்றும் ஆகியிருக்காது. ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதியாகவும் இருக்கும், இன்னும் ஆகவில்லை என்று பயமாகவும் இருக்கும்.

பதினேழாம் நாள் மத்தியானம் அவளே கூப்பிட்டாள், வீடியோவில். முகம் கொஞ்சம் வெளிறியிருந்தது. ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தாள்.

"அண்ணி, இன்னிக்கு இங்க ஒரே கூத்து. எங்க மாடியில ஒரு பொண்ணு அயர்ன்பாக்ஸ ஆன் பண்ணிட்டு மறந்துட்டா. வயரு கருகி ஒரே நாத்தம். எல்லாரும் வெளிய ஓடி வந்துட்டோம்."

"மாடிப்படியில காத்து வந்துச்சா? ஃபேன் ஓடுச்சா?"

"எந்த ஃபேனு?"

"காத்து வந்துச்சான்னு கேக்கறேன்!"

"தெரியலயே அண்ணி. அலாரம் எல்லாம் அடிக்கல. சின்னதுதான, உடனே பிளக்க புடுங்கியாச்சு."

அலாரம் அடிக்கும் அளவுக்குப் புகை இல்லை, அதனால் ஃபேனுக்குச் சேதியே போயிருக்காது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கத்தினேன். "ரூம்ல அயர்ன்பாக்ஸ் வெக்கக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்குதா இல்லையா? அறிவு கெட்ட கழுத யாரு அது? அவளால மத்தவங்களுக்கு என்ன ஆவும்னு நெனச்சாளா? அவள மொதல்ல வெளிய அனுப்பச் சொல்லு!"

அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். "சரி அண்ணி, டீ குடிக்கப் போறேன்" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை துண்டை எடுத்தேன். ஒப்பிட வைத்திருந்த துண்டைவிடச் சற்றுப் பருத்த மாதிரி இருந்தது. பென்சிலைச் சுற்றி வளைத்தேன். வளைவின் வெளிப்பக்கத்தில் முடி அகலத்தில் ஒரு கோடு விழுந்தது. நகத்தை வைத்தேன். பிளந்தது.

முதலாளிக்கு போன் செய்து, எண்ணெய் கொடுத்ததிலிருந்து பென்சில்வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லும்போது வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். அவர், "பாஸ் ஆன வேலைய எவனாச்சும் பிரிப்பானா? போய் ஃபேன ஓட்டிப் பாரு. ஓடுனா விட்டுட்டு வா" என்றார். நான், "இல்லீங்க சார், கேபிள மாத்தணும்" என்றேன். எப்போதும்போலக் கத்தியிருந்தால் அவர் திட்டிவிட்டு வைத்திருப்பார். அன்றைக்கு எனக்குக் குரலே எழவில்லை. அதனாலோ என்னவோ சம்மதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனோம். முதலில் பேனலில் பட்டனை அழுத்தினேன். மேலே ஃபேன் ஓடியது. இன்னொரு தடவை அழுத்தினேன், ஓடியது. வார்டன் அம்மா என்னைப் பார்த்தார். "நல்லாத்தானேம்மா ஓடுது? லீவு நாள்ல புள்ளைங்க தூங்கற நேரத்துல எதுக்கு?" எனக்கே அப்படித்தான் தோன்றியது. ஒரு பாட்டில் எண்ணெயை வைத்துக்கொண்டு ஊரைக் கூட்டுகிறேனோ என்று கூச்சமாக இருந்தது. அப்படியே திரும்பிவிடலாம் என்று ஒரு கால் நினைத்தது, இன்னொரு கால் படியேறியது.

பாப்பாரப்பட்டி அண்ணா அன்றைக்குச் சரியாகவே இல்லை. எண்ணெய் பட்ட கேபிளை எடுத்துவிட்டுப் புதுசு போடப்போகிறோம் என்று சொன்னதிலிருந்து, "வேணாங்க மேடம், அது ஒண்ணும் ஆவாதுங்க" என்று நாலு தடவை சொல்லிவிட்டார். வேலைக்குச் சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன். மொட்டை மாடியில் பழைய கேபிளின் நுனியில் புதுசைக் கட்டினோம். நாலாவது மாடிப் பெட்டியிலிருந்து இரண்டு பேர் இழுத்தார்கள். ஒரு முழம் வந்தது. நின்றுவிட்டது. மூன்று பேர் இழுத்தும் வரவில்லை.

"எண்ணெய் போட்டுத்தான ஏத்துனீங்க? எறங்க மட்டும் ஏன் மாட்டேங்குது?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு நாலரை மாடித் திருப்பத்துக்குப் போனார். சுவரில் ஒரு இடத்தைத் தட்டினார், அது மட்டும் வேறு சத்தம் கொடுத்தது. இரண்டு கொத்தில் பட்டிப் பூச்சும் பெயிண்ட்டும் உதிர்ந்தன. உள்ளே பைப்பை வளைவில் உடைத்திருந்தார்கள். அந்த உடைப்புக்குள் கேபிளை வெட்டி, முறுக்கி, கருப்பு டேப்பைச் சுற்றி வைத்திருந்தார்கள். நாங்கள் இழுத்த இழுப்பில் டேப் உருண்டு வளைவில் அடைத்துக்கொண்டிருந்தது. விரலால் தொட்டேன். டேப் கழன்று கையோடு வந்தது. உள்ளே ஒரு கம்பி ஒழுங்காக முறுக்கியிருந்தது. இன்னொன்று வெறுமனே பக்கத்தில் உரசிக்கொண்டிருந்தது. களிம்பேறிப் பச்சை பிடித்திருந்தது. இழுத்ததில் கழன்றதா, முன்பே அப்படித்தானா? முறுக்கியிருந்தால் முனை நெளிந்திருக்கும். இது நேராக இருந்தது.

இதை நம்பித்தான் ஐந்தாம் மாடியில் இத்தனை நாள் தூங்கியிருக்கிறார்கள். நான் எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எதுக்குண்ணா?" என்றுதான் கேட்க முடிந்தது.

"எண்ணெய் போடவே இல்லீங்க மேடம்." தன் கருவிப் பையின் அடியில் கையை விட்டு ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார். நான் கொடுத்த விளக்கெண்ணெய். மூடியில் பிளாஸ்டிக் சீல் அப்படியே இருந்தது. "பெங்களூர்ல ஒரு சைட்டுல இந்த மாதிரி கேபிளுக்கு எண்ணெய் தடவிட்டோம்னு, அங்கிருந்த இஞ்சினியரு டிரம்மு டிரம்மா எடுத்து வெளிய போட வெச்சாருங்க. அதத்தான் அன்னிக்கு உங்ககிட்ட சொல்ல வந்தேனுங்க."

"அப்ப சொல்ல வேண்டியதுதான?"

"ரெண்டு தடவ வாயத் தொறந்தேனுங்க."

இரண்டு தடவை. எனக்கு ஞாபகம் வந்தது.

"எண்ணெய் போட்டா கேபிளு போயிரும். போடலன்னா மேல ஏறாது. நீங்க வர்றதுக்குள்ள மேல இருக்கணும்னீங்க. அதான் செவுத்த ஒடச்சு, கீழ ஒண்ணு மேல ஒண்ணுன்னு ரெண்டு துண்டா விட்டு... மறுநா சொல்லிரலாம்னுதான் இருந்தேன். மறுநா நீங்க எல்லாம் பாஸுன்னு படிவத்துல கையெழுத்துப் போட்டுட்டீங்க. அதுக்கப்பறம் சொன்னா திட்டுவீங்கன்னுதாங்க..."

அவர் செய்தது சின்னத் தப்பு இல்லை. படிக்கட்டு ஃபேனின் கேபிளை வெட்டி ஒட்டிச் சுவருக்குள் புதைத்தவரை எந்த சைட்டிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஏறிய கோபத்துக்கு வெளியே போக வழி இல்லை. கேபிளை வெட்டியது அவர். அவர் வாயை மூடியது யார்? பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவர் ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பழைய பைப்பை விட்டுவிட்டுச் சுவருக்கு வெளியிலேயே இரும்புப் பைப் போட்டோம், வளைவே தெரியாத அளவுக்கு நீட்டி வளைத்து. புதுக் கேபிள் ஒரே நீளமாக ஏறியது. பீமுக்குக் கிட்டே ஒரு இடத்தில் இறுகியது. ஆட்கள் கையை நிறுத்தினார்கள். அண்ணா என் முகத்தைப் பார்த்தார். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "சொல்லுங்கண்ணா" என்றேன். "கீழ இருந்து ஒருத்தரு தள்ளிக் குடுத்தா வந்துருங்க" என்றார். தள்ளிக் கொடுத்தார்கள். வந்துவிட்டது. முதலாளிக்கு நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன், அவருடைய இணைப்பையும் நான் போட்ட டிக்கையும் சேர்த்தே.

மத்தியானம் கடைசி டெஸ்டுக்கு நாத்தனாரை ஐந்தாம் மாடிப் படிக்கட்டுக் கதவில் நிற்கச் சொன்னேன். பேனலில் பட்டனை அழுத்தினோம். மேலேயிருந்து அவள் குரல் படிக்கட்டெல்லாம் எதிரொலித்தது. "அண்ணி, காத்து வருது! துப்பட்டா நிக்க மாட்டேங்குது!" நான் ஐந்து மாடியும் ஏறிப் போனேன். மேலேயிருந்து காற்று முகத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றிருந்தாள்.

"இதுக்கு முன்னாடி இது ஓடாதா அண்ணி?"

பொய் சொல்ல மனசு வரவில்லை. "ஓடியிருக்கும். ஓடாமயும் போயிருக்கும். அன்னிக்கு ஒருத்தரு எங்கிட்ட ஒண்ண சொல்ல வந்தாரு. நான் பேச விடல. அதனால வந்தது."

அவள் சிரிப்பு மெல்ல அடங்கியது. துப்பட்டாவை இடது கையால் இழுத்து வலது கையைச் சுற்றிக்கொண்டாள். காலையில் கீழே என்னைப் பார்க்க வந்ததிலிருந்தே அவள் அப்படித்தான் சுற்றிக்கொண்டிருந்தாள் என்று அப்போதுதான் உறைத்தது. வீடியோவிலும் போனை இடது கையில்தான் பிடித்திருந்தாள்.

"அண்ணி, திட்டக் கூடாது."

"ம்."

"அந்த அயர்ன்பாக்ஸ் என்னுதுதான்."

ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது. நான் அவள் கையைப் பிடித்துத் துப்பட்டாவைப் பிரித்தேன். உள்ளங்கையின் குறுக்கே, வயரைப் பிடித்துப் பிடுங்கிய இடத்தில், சிவப்பாக ஒரு கோடு, நடுவில் கொப்புளம் உடைந்து தோல் உரிந்து கிடந்தது. மருந்து ஏதும் போட்ட மாதிரி தெரியவில்லை.

"ரொம்ப எரியுதா?" என்று கேட்டேன்.

அதற்குத்தான் அவள் அழுதாள்.